கூவாத ரீலும் கொரட்டூர் சம்பந்தியும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூண்டில் ரீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நல்லெண்ணெயும் வேண்டாம். கதவுத் தாழ்ப்பாளுக்கு அடிக்கிற ஸ்பிரேயைக் கையில் பிடித்துக்கொண்டு, "வீடியோல சொன்னாங்கக்கா" என்று வந்து நிற்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

ஏரிக்கரை நண்பர்கள் குழுவில் இருக்கும் தம்பிகள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். ரீல், ராடு, தூண்டில் நரம்பு இவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது என்று எழுதித் தரச் சொன்னார்கள். இப்போது பேட்டரி வைத்த ரீல் வந்துவிட்டதாம். தூண்டிலை வீசினால் அதுவே யோசித்து அதுவே பிரேக் போட்டுக்கொள்ளுமாம். சார்ஜ் போட மறந்துவிட்டால் என்ன செய்யும் என்று கேட்டேன். ஒரு தம்பி கட்டைவிரல் படம் அனுப்பினான். சரி, பேட்டரி இல்லாத ஏழைகளுக்காவது உதவட்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். என்னைக் குறை சொல்லக் கூடாது.

என் பெயர் மல்லிகா. அம்பத்தூரில் ஒரு தூண்டில் சாமான் கடையில் பழுதுபார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருந்து, இந்த வருடம்தான் ஓய்வு பெற்றேன். அதற்கு முன்னால் தொழிற்பேட்டையில் டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் இருந்தேன். அதை மூடியபோது, காயில் சுற்றத் தெரிந்தவளுக்கு நரம்பு சுற்றவும் வரும் என்று நம்பி வேலை கொடுத்தவர் கடை முதலாளி ரஹீம் பாய். முதல் வருடம் முழுக்க ரீலில் நரம்பு ஏற்றினேன். இரண்டாம் வருடம் திருகாணி கழற்றினேன். மூன்றாம் வருடம், கழற்றியதைத் திரும்பப் பூட்ட அனுமதி கிடைத்தது. அவ்வளவுதான் என் படிப்பு. இத்தனை வருடத்தில் நான் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. உயிரோடு துள்ளுகிற மீனைத் தொட எனக்குப் பயம். இதை வாடிக்கையாளர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்பது பாயின் உத்தரவு. ஓய்வு பெற்றாயிற்று, இனிமேல் சொல்லலாம்.

ரஹீம் பாய் சிரித்து நான் பார்த்ததில்லை, கோபப்பட்டும் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, காதோரம் அத்தர் வாசனை, குரல் எப்போதும் ஆஸ்பத்திரியில் பேசுகிற அளவு. எதிரே நிற்கிற ஆண் யாரானாலும் அவருக்கு அவரும் பாய்தான். ரீலைப் பழுதுக்குக் கொண்டுவந்தால் "ரிப்பேர்" என்று சொல்ல மாட்டார். "உள்ள அட்மிட் பண்ணும்மா" என்பார். பிறகு ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் முனையை ரீலின் பக்கத் தகட்டில் வைத்து, மரப்பிடியைத் தன் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். நான் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். உள்ளே எந்தச் சக்கரத்துக்குப் பல் தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங்குக்குள் மணல் போயிருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கட்டை வழியாக அவருக்குக் கேட்கும். ரீல்காரர் எதிரே நகம் கடித்துக்கொண்டு நிற்பார். "பாத்துட்டு சொல்றேன்" என்பார் பாய். எந்தக் கேள்விக்கும் அவருடைய முதல் பதில் அதுதான். அவர் மகளுக்கு வரன் வந்தபோதும் அதையேதான் சொன்னார் என்று கேள்வி.

ராடு வாங்க வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பார். எந்த ஏரி? உட்கார்ந்து வீசுவீர்களா, நின்று வீசுவீர்களா? வீட்டில் மீன் சமைப்பது யார்? மூன்றாவது கேள்விக்கு ஆள் திணறினால், இருப்பதிலேயே விலை குறைந்த ராடைக் காட்டுவார். வீட்டில் சமைக்க ஆளில்லாதவனுக்கு இந்தப் பொழுதுபோக்கு நாலு மாதம் தாங்காது என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

தம்பிகளுக்காக அதையும் எழுதிவிடுகிறேன். அயனம்பாக்கம் மாதிரி ஆகாயத் தாமரை மண்டிய ஏரியில் விரால் பிடிக்கப் போனால், வளையாத விறைப்பான ராடும் தடித்த பின்னல் நரம்பும் வேண்டும். விரால் தூண்டிலில் கட்டிய பொய்த் தவளையைக் கவ்விய அடுத்த நொடியே செடிக்குள் புகுந்துவிடும். அதை வெளியே இழுப்பது மீன் பிடிக்கிற வேலை இல்லை, செடி பிடுங்குகிற வேலை. உப்பங்கழியில் கொடுவா மீனுக்குப் போகிறவர்களுக்கு நுனி வளைகிற ராடு போதும். வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும். பைக் கழுவுகிற குழாயைப் பீய்ச்சினால் வெளியே இருந்த உப்பு உள்ளே போய்க் குடித்தனம் நடத்தும். பின்னல் நரம்பை, அது சுற்றுகிற வழவழப்பான உருளையில், அதாவது ஸ்பூலில், நேரடியாகக் கட்டாதீர்கள். முதலில் நாலு சுற்று ஒற்றை இழைத் தங்கூஸ் நரம்பைக் கட்டி, அதன்மேல் ஏற்றுங்கள். இல்லையென்றால் மொத்த நரம்பும் ஸ்பூலின்மேல் வழுக்கிச் சுற்றும், நீங்கள், மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கிற டிராக் கெட்டுவிட்டது என்று என்னைத் திட்டுவீர்கள். ராடை மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் வராதீர்கள். என் அனுபவத்தில் மீன் உடைத்த ராடுகளைவிட சீலிங் ஃபேன் உடைத்த ராடுகள்தான் அதிகம்.

ஃபேன் என்றதும் ஞாபகம் வருகிறது. கடையில் ஒரு ரீல் திறந்திருந்தால் ஃபேன் ஓடக் கூடாது. இது பாயின் சட்டம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளும் தகட்டு வளையங்களும் கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை, காற்றுக்குப் பறந்துவிடும். அம்பத்தூர் மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, வாடிக்கையாளர்கள் பிரமுகர் இல்லக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி விசிறிக்கொண்டு மௌனமாக நிற்பார்கள். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓட வேண்டும். இன்னொரு சட்டம் முட்டை அட்டை. கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும் முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைக்க வேண்டும். முதலில் கழற்றியது முதல் குழியில். பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வர வேண்டும். மாற்றிய பழைய பேரிங்குகளைப் போட ஒரு பிஸ்கட் டின். இந்த டின்னைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தனசேகரன் விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை காலையில், கடை ஷட்டர் பாதி ஏறியிருக்கும்போதே குனிந்து உள்ளே வந்தார் தனசேகரன். ஆவடியில் கனரக வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸ் வாசம், நல்ல மனிதர். எங்களிடம்தான் நரம்பு வாங்குவார். அவர் ஒரு துணிப்பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு நிறத்தில் உருண்டையான பழைய வெளிநாட்டு ரீல். பக்கத் தகட்டின் இடுக்குகளிலிருந்து பழுப்பாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது.

"இது உங்க ரீல் இல்லையே" என்றேன்.

"சம்பந்தியோடது. சம்பந்தி ஆகப்போறவரோடது." செய்தித்தாளை மடித்து மடித்துப் பிரித்தார். "ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம்மா."

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு முழுக்கச் சொன்னார். அவர் மகள் நித்யாவை, கொரட்டூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கஜேந்திரன் என்பவரின் மகனுக்குப் பேசியிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், இரண்டு அப்பாக்களுக்கும் தூண்டில் பைத்தியம் என்று தெரிந்துவிட்டது. பஜ்ஜி ஆறிப்போனது, ஜாதகம் ஓரமாய்க் கிடந்தது, இருவரும் விராலைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். கிளம்பும்போது கஜேந்திரன் உணர்ச்சிவசப்பட்டு, ஸ்கூட்டர் பெட்டியிலிருந்த தன் உயிருக்குயிரான ரீலை எடுத்து, "எத்துனு போ சம்பந்தி, வீசிப் பாரு" என்று கையில் திணித்துவிட்டார்.

தனசேகரன் அதை அயனம்பாக்கம் ஏரிக்குக் கொண்டுபோனார். கரை வழுக்கியது. ஆள் பிழைத்துக்கொண்டார், ரீல் சேற்றுக்குள் போய்விட்டது. துழாவி எடுத்தபோது அதன் இடுக்கெல்லாம் சேறு.

அப்போதே எங்களிடம் வந்திருந்தால் கழுவிக் காயவைத்துக் கொடுத்திருப்போம். ஆனால் கனரக வண்டிக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. சேறு புகுந்த எதையும் அவர் மண்ணெண்ணெயில் முக்குவார், பிறகு கிரீஸ் அடைப்பார். பூந்தமல்லி ரோட்டில் லாரி உதிரிபாகக் கடையில் சக்கரத்துக்கு வைக்கிற கிரீஸை டப்பாவாக வாங்கி, ரீலைத் திறந்து, காற்றுப் புக இடமில்லாமல் அடைத்துவிட்டார். மூடி இறுக்கும்போது பாதி கிரீஸ் சட்டையில். கைப்பிடி நகரவில்லை. நகராத எதையும் நகர்த்திப் பழகிய கை அல்லவா, பலமாகத் திருகினார். அதற்குப் பிறகு கைப்பிடி முன்னாலும் சுற்றியது, பின்னாலும் சுற்றியது.

"வேற ஏதாவது வாங்கிக் குடுத்துடலாமே?" என்றேன்.

"உங்களுக்கு ஏணி விஷயம் தெரியாதும்மா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வருஷம் அவர் பையனுக்கு வேற ஒரு எடத்துல பேசியிருந்தாங்க. பொண்ணு வீட்டுக்காரர் வெள்ளையடிக்க இவர்கிட்ட ஏணி எரவல் வாங்கியிருக்கார். திருப்பிக் குடுக்கும்போது ஒரு படி ஒடஞ்சு, கயித்தால கட்டியிருந்துச்சாம். அதோட பேச்சு நின்னுபோச்சு. ஏணியப் பாத்துக்கத் தெரியாதவன் என் புள்ளைய எங்க பாத்துக்கப் போறான்னு கேட்டாராம்." கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நித்யாவுக்கு அந்தப் பையன ரொம்பப் புடிச்சுப்போச்சும்மா. வீட்ல யாருக்கும் இது தெரியாது."

பாய் ரீலை வாங்கிப் பக்கத் தகட்டைக் கழற்றினார். கிரீஸ் மெதுவாக மேஜையின்மேல் வழிந்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

"தனசேகர் பாய்," என்றார் அமைதியாக, "இதுல எத்தன பேரு ஏறிப் போவாங்க?"

அவர் நகைச்சுவை என்று நான் கேட்டது அது ஒன்றுதான். பிறகு என்னிடம் திரும்பி, "அட்மிட்" என்றார்.

ஃபேன் நின்றது. முட்டை அட்டை வந்தது. நான் ஐஸ்கிரீம் குச்சியால் கிரீஸை வழித்தேன். வழித்ததைப் போட ஒரு கிண்ணம் போதவில்லை. உலோகப் பாகங்களை வெள்ளைப் பெட்ரோலில் ஊறவைத்து, குழந்தைகள் பல் தேய்க்கும் மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்சக்கரத்தின் இடுக்கையும் தேய்த்தேன். கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கிற ஒரு உருளை பேரிங் உண்டு. அதற்குள் கிரீஸ் ஒட்டவே கூடாது, ஒட்டினால் பிடிப்பு போய்விடும். அதைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துத் துடைத்து, பஞ்சு வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை. பிறகு பெரிய சக்கரத்தின் பல்லில் பல்குத்தும் குச்சியால் அரிசியளவு ரீல் கிரீஸ். ஸ்பூலின் இரு பக்க பேரிங்குகளுக்கும் ஊசி முனையால் மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. வீசும்போது ஸ்பூல் தறிகெட்டுச் சுற்றாமல் உரசிப் பிடிக்கிற பிரேக் கட்டைகளுக்கு ஒன்றுமே கிடையாது. எதை எங்கே வைப்பது என்பதைவிட, எங்கே வைக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழில்.

ஸ்பூலின் இடப்பக்க பேரிங் துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. பல வருடத் துரு, தனசேகரன்மேல் பழி போட முடியாது. அதை பிஸ்கட் டின்னில் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். வெள்ளிக்கிழமை மாலை பூட்டி முடித்து ஸ்பூலைச் சுண்டினேன். சத்தமே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. பாய் ஸ்க்ரூ டிரைவரைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டுவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்றார். எனக்குச் சம்பள உயர்வு கொடுத்தபோதுகூட அவர் அவ்வளவு சொல்லவில்லை. தனசேகரன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அன்றே ரீலைச் சம்பந்தியிடம் சேர்க்கப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று ராத்திரி என் வீட்டுக்காரருக்கு வடை சுட்டுக் கொடுத்தேன், காரணம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கட்டம் போட்ட சட்டை, முறுக்கு மீசை, கையில் சிவப்பு ரீல். அவருக்குப் பின்னால், தூக்குக் கயிற்றுக்கு நடந்து வருகிறவர் போல தனசேகரன்.

"இந்தக் கடை தானா?" என்றார் கஜேந்திரன். தனசேகரன் தலையசைத்தார்.

ரீல் மேஜைமேல் வைக்கப்பட்டது. "ஏம்மா, நீ தான் ரீலு டாக்டரா? இது யாரு ரீலு, சொல்லு."

ரீலைத் திருப்பிப் பார்த்தேன். "உங்க ரீல்தான் சார்."

"என் ரீலு கூவும்மா!" அவர் குரல் தெருவுக்குக் கேட்டது. "ஒரு வீசு வீசினா கீஈஈச்சுனு ஏரி பூரா கூவும். என் ஊடு கரையாண்ட கீது. அந்தச் சத்தம் கேட்டா தான் என் ஊட்டுக்காரி, மனுசன் ஏரில தான் கீறான், வேற எங்கியும் போவலன்னு நம்புவா. இன்னிக்கி காத்தால வீசறேன், ஊமையா போவுது. ஊட்டுக்காரி போனப் போட்டு, யோவ் எங்கய்யா கீறன்னு கேக்குறா! அசல வச்சிக்கினு போலிய குடுத்துட்டான்னு தானே அர்த்தம்?"

"அய்யோ சம்பந்தி, சத்தியமா..." என்று ஆரம்பித்தார் தனசேகரன்.

"சம்பந்தின்னு இன்னும் சொல்லாத. நாளிக்கி தானே நிச்சயம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பெண்ணின் கல்யாணம், நான் சரியாக வேலை செய்ததால் நிற்கப்போகிறது. கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால், அந்தத் துருப்பிடித்த பேரிங்கை அப்படியே விட்டிருப்பேன், எல்லோரும் பிரியாணி சாப்பிட்டிருப்பார்கள்.

பாய் எழுந்து வந்தார். "பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்வார் என்று நினைத்தேன். முதல்முறையாக அவர் அதைச் சொல்லவில்லை.

"ரீலு உங்களுது தான் பாய்," என்றார். "ஏரியில விழுந்துச்சு. இவரு கழுவினாரு, கிரீஸ் வச்சாரு, கெடுத்துட்டாரு. எங்ககிட்ட ஓடி வந்தாரு. நாங்க ஒரு பேரிங் மாத்தினோம். சத்தம் போனது எங்க வேல. அவரு மேல தப்பில்ல."

கஜேந்திரன் தனசேகரனைத் திரும்பிப் பார்த்தார். தனசேகரன் தரையைப் பார்த்தார்.

"ஏரில உழுந்துச்சா?" என்றார் கஜேந்திரன் மெதுவாக.

"ஆமாங்க."

கஜேந்திரன் மீசையைத் தடவிக்கொண்டார். "சரி. அப்போ அந்தச் சத்தத்தைத் திருப்பிக் குடு. கூவுச்சுன்னா என் ரீலு, நாளிக்கி தட்டு மாத்தறோம். கூவலன்னா நான் என் வயிய பாத்துக்கினு போறேன்." ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் பிஸ்கட் டின்னை மேஜைமேல் கவிழ்த்தேன். வருடக்கணக்கில் சேர்ந்த பேரிங்குகள், எல்லாம் துருப்பிடித்தவை, எல்லாம் ஒரே முகம். இந்த ரீலுக்குப் பொருந்துகிற அளவு உள்ளவற்றை மட்டும் பிரித்தேன். அதுவே ஒரு சிறு குவியல் இருந்தது. ஒவ்வொன்றையும் பெட்ரோலில் கழுவி எண்ணெய்ப் பசை போக்க வேண்டும், ரீலுக்குள் பொருத்த வேண்டும், ஸ்பூலைச் சுண்ட வேண்டும். ஃபேன் நின்றிருந்தது. மூன்று ஆண்களும் வியர்வையில் நனைந்து என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சத்தத்தை விரட்டிய நான், நல்ல சத்தமாய்ப் பார்த்துத் தேட ஆரம்பித்தேன்.

முதலாவது "கரகர" என்றது. "அம்மிக்கல்லு இது" என்றார் கஜேந்திரன்.

இரண்டாவது முனகியது. "இது அழுவுது. என்னுது கூவும்."

அடுத்ததற்குச் சத்தமே இல்லை. அது எப்படிப் பழைய டின்னுக்குள் வந்தது என்று பாய் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நடுவில் கஜேந்திரனே தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னாமா, கீஈஈச், கீஈஈச், இப்டி வரணும்" என்று கூவிக் காட்டினார். பக்கத்து டீக்கடைக்காரர், கடைக்குள் கோழி புகுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். தனசேகரனும், என்ன தோன்றியதோ, கூடச் சேர்ந்து கூவினார். சட்டை முதுகோடு ஒட்டி, கண் கலங்கி, "கீஈஈச் தானுங்களே, கீஈஈச்" என்று அவர் கூவியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

குவியலில் மிச்சம் கொஞ்சமே இருந்தபோது ஒன்றைப் போட்டுச் சுண்டினேன். கடை முழுக்க, பல் கூசும்படி, நீளமாக ஒரு கூவல்.

கஜேந்திரன் ரீலைப் பார்த்தார். தனசேகரனைப் பார்த்தார். மறுபடி சுண்டச் சொன்னார். மறுபடியும் தனசேகரனைப் பார்த்தார்.

"இதான்," என்று எழுந்தார். "இதான்யா என் ரீலு. வா சம்பந்தி, டீ குடிப்போம்."

அது நிஜமாகவே அவருடைய பேரிங்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கு நான் என்ன பைத்தியமா? ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றினார்கள். எங்களுக்கும் பத்திரிகை வந்தது. கல்யாணத்தில் பாய் ஸ்வீட் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு காலம் ஓடிவிட்டது. பாய் இறந்துபோனார். கடையை அவர் மகன் பார்த்துக்கொள்கிறார். அந்த ஸ்க்ரூ டிரைவர் மட்டும் என் மேஜைக்கு வந்தது. அதைத் தொடும்போதெல்லாம் அவர் நினைப்பு வரும். இதை எழுதும்போதும் வருகிறது.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வாரம் கஜேந்திரன் வந்தார். மீசை வெளுத்திருந்தது. பின்னால் தனசேகரன், இரண்டு பேருடைய ராடுகளையும் தூக்கிக்கொண்டு. இருவரும் ஏரிக்குப் போகாத ஞாயிறு கிடையாது என்று நித்யா சொல்வாள், புகாராகத்தான்.

"ஏம்மா," என்று கத்தினார் கஜேந்திரன், "இது மறுக்கா ஊமையாயிடுச்சு. மூணு மாசமா கூவ மாட்டுது. பேரிங்க பாரு."

ஸ்பூலைச் சுண்டினேன். கீஈஈச்சென்று கடையே அதிர்ந்தது. நரம்பு வாங்க வந்திருந்த இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"பாத்தியா?" என்றார். "பேச்சு மூச்சு இல்ல."

தனசேகரன் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். பிறகு என் அருகே வந்து, "காதுக்கு மிஷின் வைக்கச் சொல்லி டாக்டர் சொல்லிட்டார்மா. கெழவன்னு சொல்லிடுவாங்களாம், மாட்டேங்கறார். ரீல்தான் கெட்டுப்போச்சுன்னு தெனம் ஒரே பொலம்பல். இன்னும் ஜாஸ்தியா கூவற மாதிரி ஒண்ணு போட முடியுமா?" என்றார்.

அதற்கு மேல் கூவுகிற பேரிங் இந்த உலகத்தில் இல்லை. என்ன செய்வது என்று மேஜையைப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. எடுத்து, முனையை ரீலின் பக்கத் தகட்டில் வைத்து, மரப்பிடியைக் கஜேந்திரனின் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன். "புடிச்சுக்குங்க அண்ணே" என்று சைகை காட்டிவிட்டு ஸ்பூலைச் சுண்டினேன்.

அவர் திடுக்கிட்டார். பிறகு முகமெல்லாம் விரிந்தது. "கூவுதும்மா!" என்று கத்தினார். "சம்பந்தி, கூவுதுய்யா!" என்னை மறுபடி சுண்டச் சொன்னார். மறுபடி, மறுபடி. பாய் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆனா அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி, இது என் பேரிங்கு இல்லம்மா."

என் கை நின்றுவிட்டது. தனசேகரன் கையிலிருந்த ராடுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

"என்னுது மொதல்ல ஒரு தபா இருமும். அப்பால தான் கூவும். இது எடுத்த எடுப்புல கூவுது. அன்னிக்கே தெரியும்."

தனசேகரன் அவர் முன்னால் வந்து நின்று, காதுக்குள் கத்தினார்: "தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டீங்க? இத்தன வருஷமா சொல்லவே இல்லியே!"

"இன்னாத்த சொல்றது?" கஜேந்திரன் ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்தார். "ஏணிக்காரன் கயித்த கட்டினு வந்து, நான் கடையில இல்லாத நேரம் பாத்து வச்சிட்டு ஓடிட்டான். நீ என் எதிர்ல நின்ன. ஏரில உழுந்துச்சான்னு கேட்டா ஆமான்ன. அத்தோட, தொப்பலா நனைஞ்சுகினு, கண்ணுல தண்ணி வச்சிகினு, ரீலு மாதிரி கூவினியே, அத்த பாத்தப்புறமும் உன்ன உட்டுட்டு நான் வேற சம்பந்திக்கு எங்க போவேன்?"

தனசேகரன் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நரம்பு வாங்க வந்தவர்கள் நரம்பை மறந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

ஸ்க்ரூ டிரைவரைக் கஜேந்திரனிடமே கொடுத்துவிட்டேன். பாய் இருந்திருந்தால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருப்பார், பிறகு கொடுத்திருப்பார். இப்போது கொரட்டூர் ஏரிக்கரையில் இரண்டு பெரியவர்களைப் பார்க்கலாம். ஒருவர் வீசுவார். இன்னொருவர் அந்த ரீலில் ஸ்க்ரூ டிரைவரை ஒட்டி, பிடியைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பார். மீன் விழுகிறதா என்று நான் விசாரிக்கவில்லை.

அன்றைக்குக் கிளம்பும்போது கஜேந்திரன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "உனுக்கும் ரிட்டயர்டுன்னு சொன்னாங்களே. ஊட்ல சும்மா குந்திகினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சிவப்பு ரீலை என் கையில் வைத்தார். "எத்துனு போம்மா. வீசிப் பாரு."

அடுத்த நொடியே அதைத் தனசேகரன் கையில் திணித்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஆள விடுங்க அண்ணே," என்றேன். "எனக்கும் கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு இருக்கா."